அடியில்லாக் கடகத்துக்கு அட்டை போட்ட விதம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, தாயம் உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நாங்கள் கிளிநொச்சியில் தமிழில் விளையாடுகிறோம். விதிகள் 2014இல் வந்தவை. உலகம் எங்களுடையது: குளக்கட்டு, பாலைக்காடு, பரவைக்கடல், தூர்ந்துபோன மடைகள். அந்த உலகத்தில் புத்தகத்து மாயப்பொருட்கள் ஒட்டாமல் நின்றன. பாலை மரத்தடியில் குந்தியிருக்கும் கிழவி எல்ஃப் மேலங்கியைக் கொடுத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆகவே ஹோம்ப்ரூ, அதாவது சொந்தத் தயாரிப்பு.

பொருளைக் கற்பனை செய்வது பெரிய காரியமில்லை. கதை சொல்லத் தெரிந்த நாலு பேர் தேத்தண்ணியோடு குந்தினால் பொழுது சாய முன்னர் கொப்பியில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து விளையாடக்கூடிய அட்டையாக்குவதுதான் வேலை. அட்டை நல்லதா கூடாதா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: பொருளை வைத்திருப்பவர் டிஎம்மை, அதாவது கதையை நடத்துபவரை, ஒரு கேள்வியும் கேட்காமல் தன் முறையை முடிக்கிறாரா? எழுத்தளவு, தடிப்பு, வரிசை, தாள் எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவெடுத்தோம்.

முதலில் உரிமை விஷயம். இந்த விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம். அந்தக் குறிப்பை ஒவ்வொரு அட்டையிலும் போட்டு இடத்தை வீணாக்காமல், அட்டைக் கட்டோடு சேரும் தனி அட்டை ஒன்றில் போட்டுவிட்டோம்.

இனி எலும்புக்கூடு. புத்தகத்தில் எந்த மாயப்பொருளும் மூன்று அடுக்கில் நிற்கும்: பெயர், அதன் கீழே ஒரு சரிந்த எழுத்து வரி, அதன் கீழே விபரம். அந்த நடு வரியைப் பலர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அடிக்கடி தேடப்படுவது அதுதான். பொருள் எந்த வகை, எவ்வளவு அரிது, இசைவு வேண்டுமா என்ற மூன்றுக்கும் அதுவே பதில். வகைகள் ஒன்பது: கவசம், பானம், மோதிரம், தண்டு, சுருள், கோல், மந்திரக்குச்சி, ஆயுதம், இவை எதிலும் அடங்காத அதிசயப் பொருள். அரிதுத்தன்மைக்கு நாங்கள் வைத்த படிகள்: பொது, சிறப்பு, அரிது, மிக அரிது, காவியம், எல்லாவற்றுக்கும் மேலே தொன்மம். இசைவு என்பது பொருளின் மாயம் வேலை செய்ய அதனோடு ஏற்படுத்தும் பிணைப்பு. ஒரு ஆள் ஒரே நேரத்தில் மூன்று பொருளுக்குமேல் இசைவு வைத்திருக்க முடியாது. இசைவு பெற ஒரு குறு ஓய்வு முழுக்க அந்தப் பொருளோடு இருக்கவேண்டும். "இசைவு வேண்டும்" என்ற இரண்டு சொல் அட்டையில் இல்லாவிட்டால் ஒரு ஆள் ஏழு மோதிரம் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

எங்கள் கட்டின் முதல் பொருள் கடகம். புத்தகத்தில் இருக்கும் அளவில்லாப் பையின் பனையோலை உறவுக்காரி. இலக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டோம், ஏனென்றால் அவை பல வருடம் பலர் விளையாடித் தேறியவை.

அடியில்லாக் கடகம்
அதிசயப் பொருள், சிறப்பு
500 இறாத்தல் வரை, 64 கன அடி வரை கொள்ளும். எவ்வளவு நிரப்பினாலும் கடகத்தின் பாரம் 15 இறாத்தல்.
உள்ளிருந்து ஒரு பொருளை எடுக்க 1 ஆக்சன்.
கவிழ்த்தால்: உட்புறம் வெளியே வரப் புரட்டினால் எல்லாம் சேதமின்றிக் கொட்டும்.
கிழிந்தால்: அளவு மிஞ்சினாலோ கூரானது குத்தினாலோ கடகம் அழியும். உள்ளிருந்தவை நட்சத்திர வெளியில் சிதறும்.
உள்ளே உயிர் இருந்தால்: மூச்சு 10 நிமிடம். இருவர் என்றால் ஆளுக்கு 5.
ஆச்சியின் கடகம். விதைநெல் அள்ளினால் குறையாது என்பார்கள்.

ஆக்சன் என்பது ஒருவர் தன் முறையில் செய்யும் முதன்மைச் செயல். இறாத்தல் என்ற அளவு பாண் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும், ஆகவே கிலோவுக்கு மாற்றவில்லை. அடியும் அப்படியே, கட்டத்தாளில் ஒரு கட்டம் 5 அடி என்பதால் மீற்றருக்கு மாற்றினால் கணக்குத்தான் குழம்பும்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் என்ன செய்கிறது, பிறகு அதற்கு என்ன செலவு, பிறகு என்ன பிழைக்கலாம், கடைசியில் கதை. கொப்பியில் இது தலைகீழாக இருந்தது: ஆச்சி, அவருடைய மூத்த மகன், வெள்ளம், விதைநெல் என்று அரைப்பக்கம் ஓடியபிறகுதான் இறாத்தல் வந்தது. அரக்கன் வாசலில் நிற்கும்போது அரைப்பக்கம் வாசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கதைக்கு ஒரு வரி, அதுவும் அடியில். மிச்சக் கதையை டிஎம் வாயால் சொல்லட்டும். அந்தச் சுவையை அட்டை திருடக்கூடாது.

சார்ஜ், அதாவது எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்ற எண்ணிக்கை, உள்ள பொருட்களில்தான் அதிகம் யோசிக்கவேண்டியிருந்தது. புத்தகத்தில் ஏழு சார்ஜ் உள்ள மந்திரக்குச்சிகள் வழக்கமாக ஒவ்வொரு விடியலிலும் 1டி6+1 (ஆறுபக்கத் தாயம் ஒன்றில் விழுவதோடு 1) சார்ஜைத் திரும்பப் பெறும். அதாவது குறைந்தது இரண்டு, கூடினால் ஏழு, சராசரி நாலரை. கடைசிச் சார்ஜையும் செலவழித்தால் 20 பக்கத் தாயத்தை உருட்டவேண்டும்; 1 விழுந்தால் குச்சி சாம்பல். இருபதில் ஒன்று என்பது சின்ன ஆபத்துப் போலத் தெரியும், ஆனால் அந்த வரி இருக்கும் குச்சியை யாரும் கடைசிச் சார்ஜ் வரை கொண்டுபோவதில்லை. ஏழு சார்ஜ் குச்சி அந்த ஒரு வரியால் ஆறு சார்ஜ் குச்சியாகிவிடுகிறது. மூன்று சார்ஜ் உள்ள சின்னப் பொருட்களுக்குப் புத்தகத்தில் 1டி3 திரும்பும் வழக்கம் உண்டு. ஆறுபக்கத் தாயத்தை உருட்டி இரண்டால் பிரித்து மேலே முழுதாக்கினால் அதுதான்.

எங்கள் விளக்கு அந்த மூன்று சார்ஜ் வகை. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மனை விளையாட்டுச் சாமானாக்குவதில் எனக்கு விருப்பமில்லை, ஆகவே கோயிலும் பெயரும் இல்லாமல், கடல்நீரில் எரியும் விளக்கு என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். உருவத்துக்கு ஜாம் போத்தல். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் அருமையாய் இருந்தபோது, போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த அதே போத்தல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் எங்கள் மேசையிலும் இருக்கிறார்கள்.

உப்புநீர்ப் போத்தல் விளக்கு
அதிசயப் பொருள், சிறப்பு (இசைவு வேண்டும்)
3 சார்ஜ். விடியலில் 1டி3 திரும்பும்.
கடல்நீர் நிரப்பி, கையில் பிடித்திருக்கும்போது: 1 ஆக்சன், 1 சார்ஜ் செலவழித்து ஏற்றலாம். 1 மணி நேரம் எரியும். 20 அடிக்கு வெளிச்சம், அதற்கப்பால் 20 அடிக்கு மங்கல்.
வெளிச்சத்துக்குள் மறைந்து நிற்பவை கண்ணுக்குத் தெரியும்.
அணைப்பது: ஊதினால் போதும், ஆக்சன் தேவையில்லை. மிச்ச நேரம் வீண்.

இது "சிறப்பு" படியில் நிற்குமா என்று பார்க்க எஸ்ஆர்டியில் இருக்கும் நெருங்கிய சொந்தத்தோடு ஒப்பிட்டோம். அங்கே மறைவை வெளிப்படுத்தும் லாந்தர் ஒன்று உண்டு: ஒரு பைந்து எண்ணெயில் ஆறு மணி நேரம், 30 அடி வெளிச்சம், இசைவு வேண்டாம், படி சிறப்பு. எங்களுடையது எல்லா வகையிலும் அதைவிடப் பலவீனம். அதுவும் முல்லைத்தீவுக் கரையில் எப்போதும் எரியும், மாங்குளத்துக் காட்டுக்குள் போத்தலில் கொண்டுபோனது உள்ளவரைதான் எரியும். ஆகவே ஒரு மேலதிக வரிக்கு இடமிருந்தது: "எரியும்போது 20 அடிக்குள் நிற்கும் நண்பர்களுக்குப் பயத்துக்கு எதிரான சேவிங் த்ரோவில் அட்வான்டேஜ்." சேவிங் த்ரோ என்பது ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது; அட்வான்டேஜ் என்றால் இரண்டு தரம் உருட்டிக் கூடியதை எடுப்பது. புதுப் பொருள் எதற்கும் இதே வழிதான். புத்தகத்தில் அதற்குக் கிட்டிய பொருளைத் தேடு, அதைவிடக் கூடவா குறையவா பார், கூடினால் எங்கேயாவது விலை வை.

வாளில் தகராறு வந்தது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பண்டாரவன்னியன் பெயரில் ஒரு வாள் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். பண்டாரவன்னியன் வாளுக்கு +1 (தாக்கும் உருட்டலிலும் சேதத்திலும் ஒன்று கூட) என்று எழுதினால் மேசையில் சண்டை. +3 என்று எழுதினால் விளையாட்டில் சண்டையே இருக்காது. புத்தகக் கணக்கில் +1 ஆயுதம் சிறப்பு, +2 அரிது, +3 மிக அரிது. மூன்றாம் நிலைப் பாத்திரங்களுக்கு +3 கொடுப்பதைவிட, நேரே வெற்றி என்று எழுதிக் கொடுத்துவிடலாம். கடைசியில் அந்தப் பெயரைத் தொடாமல் விட்டோம். அவருடைய நினைவுக்கல் நிற்கும் ஊரை வைத்துக் "கற்சிலைமடு வாள்" என்று பெயரிட்டு, +1 என்று தொடங்கி, பாத்திரம் வளர வளர வாளும் ஒவ்வொரு படி ஏறும்படி எழுதினோம். அப்படி வளரும் பொருளுக்கு அட்டையில் மூன்று பத்தி வேண்டும். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் தடித்த எழுத்தில் நிலை இலக்கம். திறக்காத பத்தியின்மேல் ஒட்டும் துண்டு ஒன்றை ஒட்டி வைத்தோம். நிலை ஏறும்போது உரித்தெடுப்பதில் பெரியவர்களுக்கே ஒரு குழந்தைச் சந்தோசம்.

கச்சான் சரைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முறிகண்டியில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் ஏ9 வீதியில் யாரும் போவதில்லை; சரைக்குள் 1டி4+4 கச்சான், ஒன்றைத் தின்றால் 8 மணி நேரம் வழி தவறாது. பாலைப்பழம் அதைவிட வேடிக்கை. கூடத் தின்றால் உதடு ஒட்டும் என்பது தெரிந்ததுதானே. எங்கள் பாலைப்பழத்தை எதிரியைத் தின்ன வைத்தால் டிசி 13 கொன்ஸ்டிடியூசன் சேவ், அதாவது உடல்வலு உருட்டலில் 13ஓ அதற்கு மேலோ எடுக்கவேண்டும். தோற்றால் ஒரு நிமிடம் வாய் திறக்காது, வாயால் சொல்லும் மந்திரம் எதுவும் ஓடாது. யானைவெடியையும் ஒரு பொருளாக்கலாம் என்று ஒருவர் கேட்டார். வெடிக்கிற சாமான் எங்கள் மேசையில் வேண்டாம் என்பது முன்பே எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அது அப்படியே நிற்கிறது.

இனி எழுத்தமைப்பு. இந்தப் பகுதிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினேன்.

ஆங்கிலப் புத்தகம் சரிந்த எழுத்தை நம்பி நிற்கிறது. வகை வரி சரிவு, மந்திரப் பெயர் சரிவு, உள் தலைப்புத் தடித்த சரிவு. தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் உண்மையான சரிவெழுத்து கிடையாது. அந்தப் பொத்தானை அமத்தினால் மென்பொருள் நிமிர்ந்த எழுத்தை இழுத்துச் சாய்க்கிறது. காற்றில் சாய்ந்த நெல்லைப் போல எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடக்கும், சின்ன அளவில் ழகரமும் றகரமும் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே சரிவை முழுக்கத் தூக்கியெறிந்து, அதன் வேலையைத் தடிப்புக்குக் கொடுத்தோம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ஒன்பது தடிப்புகள் இருக்கின்றன. பெயருக்கு மிகத் தடிப்பு, வகை வரிக்கு மெலிவும் ஒரு புள்ளி சிறிய அளவும், உள் தலைப்புக்கு அரைத் தடிப்பு, மந்திரப் பெயருக்கு ஒற்றை மேற்கோள். நிறத்தால் பிரித்துக் காட்டலாம்தான். ஆனால் எங்கள் அட்டைகள் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகின்றன, நரை நிற எழுத்து போட்டோக்கொப்பியில் புள்ளி புள்ளியாய் உடைந்துவிடும்.

லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது தமிழைச் சிக்கலான எழுத்து வரிசையில், சிடிஎல் என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. பத்திப் பாணியைத் திருத்தும்போது மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பெட்டி, சிடிஎல் எழுத்துக்கு இன்னொரு பெட்டி என்று இரண்டு இருக்கும். மேல் பெட்டியை மட்டும் மாற்றினால் தமிழ் அசையாது. இரண்டிலும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு போட்டுவிடுங்கள். இரண்டாவது பெட்டியே தெரியாவிட்டால், அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்து ஆதரவைத் திறக்கவேண்டும்.

வரி உடைப்பு அடுத்தது. "பிடித்திருக்கும்போது" என்ற ஒரு சொல்லே சின்ன அட்டையின் அரை வரியைத் தின்றுவிடும். இருபக்கமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாய் வெள்ளை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்கி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டோம். "20 அடி", "1 ஆக்சன்" போன்றவை இரண்டு வரியில் பிரிந்து, வரியின் கடைசியில் 20 தனியே தொங்கினால் வாசிப்பவர் அதை வேறு எதனோடோ சேர்த்துவிடுவார். அங்கெல்லாம் கொன்ட்ரோல், சிப்ட், இடைவெளி மூன்றையும் சேர்த்து அமத்தி உடையாத இடைவெளி போடவேண்டும். தாய உருட்டலை "1டி6+1" என்று இடைவெளியே இல்லாமல் எழுதினால் அந்தத் தொல்லையும் இல்லை. வரி இடைவெளி ஒன்றரைக்குச் சற்றுக் குறைய. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் ஆங்கில அளவில் விட்டால் ஒன்றையொன்று முட்டும்.

அட்டை அளவைக் கடுதாசிக் கட்டு தீர்மானித்தது. முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிப் பழசான கட்டு எந்த வீட்டிலும் கிடைக்கும். சாதாரணத் தாளில் அச்சடித்த அட்டையைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, பின்னால் ஒரு பழைய கடுதாசியைச் செருகினால் தடிப்பும் கிடைக்கும், கலைத்துப் போடவும் வசதி. 63க்கு 88 மில்லிமீற்றர் அளவில் ஒரு ஏ4 தாளில் ஒன்பது அட்டை சரியாய் அமரும்: பக்கவாட்டில் பத்தரை மில்லிமீற்றர், மேலும் கீழும் பதினாறரை மில்லிமீற்றர் ஓரம் மிஞ்சும். வாங்கும்போது கட்டை அளந்து பாருங்கள். கடைகளில் 57 மில்லிமீற்றர் அகலமான ஒடுங்கிய கட்டுகளும் உண்டு, அவை உறைக்குள் ஆடும். வாள் போல நீளமான பொருட்களுக்கு ஏ4ஐ நாலாய் மடித்த ஏ6.

அச்சடிக்கக் கொமினிக்கேசன் கடைக்குப் போகும்போது கோப்பு பிடிஎப்பாகத்தான் இருக்கவேண்டும். அங்கே இருக்கும் கணினிகளில் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துரு இருக்கும், எங்கள் யுனிகோட் எழுத்துரு இருக்கும் என்று சொல்ல முடியாது. பிடிஎப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போய்விடும். கடைக்காரத் தம்பி அச்சுப் பெட்டியைத் திறந்ததும் "தாளுக்கு அளவாக்கு" என்பது தெரிவாகி நிற்கிறதா என்று தோளுக்கு மேலால் பார்த்துக்கொள்ளுங்கள். அது நின்றால் அட்டை சில மில்லிமீற்றர் சுருங்கி வரும். நூறு வீதம் என்று சொல்லுங்கள். நான் பக்க ஓரத்தில் 50 மில்லிமீற்றர் கோடு ஒன்று வரைந்து விட்டிருக்கிறேன். முதல் தாள் வந்ததும் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதும். வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை விட இரும்பு அடிமட்டமும் கட்டரும் நேராய் வெட்டும்.

சார்ஜை அட்டையில் எழுதி அழிப்பதற்குச் சின்னப் பெட்டிகள் போட்டுப் பார்த்தோம். உறைக்குமேல் பென்சில் பிடிக்காது, மார்க்கர் போகாது. இப்போது புளியங்கொட்டை. விளக்குக்கு மூன்று, செலவழித்ததும் மேசை நடுவில் இருக்கும் சிரட்டைக்குள் போடவேண்டும். விடியலில் உருட்டித் திருப்பி எடுக்கலாம். யாரிடம் எத்தனை மிச்சம் என்று எல்லோருக்கும் தெரிவதால் டிஎம்முக்கு ஒரு கணக்குக் குறைந்தது.

மேசையில் முதல் நாள் விளக்கை எடுத்தவர் எங்களுக்குள்ளேயே இளையவர். வாசித்தார், ஏற்றினார், வெளிச்சத்துக்குள் நின்ற பேயைக் கண்டார், ஒரு கேள்வியும் இல்லை. அட்டை தேறிவிட்டது என்று நினைத்து முடிக்க முன்னர் தலையை நிமிர்த்தினார்.

"அண்ணை, கடல்நீர் முடிஞ்சுது. கிணத்துத் தண்ணி ஊத்தலாமோ? எங்கட கிணறும் உவர்தானே."

நியாயமான கேள்வி. கரையோரத்தில் பாதிக் கிணறு உவர். அதை அனுமதித்தால் விளக்குக்கு இருக்கும் ஒரே விலையும் போய்விடும், ஆகவே இல்லை என்று தீர்த்து, "கடலில் அள்ளிய நீர் மட்டும், உவர்க்கிணறு சரிவராது" என்று அட்டையில் ஒரு வரி ஏற்றினேன். இடம் காணாமல் எழுத்தை அரைப் புள்ளி குறைக்கவேண்டியிருந்தது. அடுத்த அச்சு வந்ததும் அதே ஆள் அதை வாசித்துவிட்டுக் கேட்டது: "அப்ப நந்திக்கடல்?"

பேர் கடல், ஆள் களப்பு. மேசை இரண்டாய்ப் பிரிந்து இன்னும் வாதாடுகிறது. எப்படித் தீர்ந்தாலும் இன்னொரு வரி வரும். 63க்கு 88இல் அதற்கு இடமில்லை. விளக்கை ஏ6க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.